சூடான வண்டியை யாரும் பார்க்கவில்லை

பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது நீங்கள்தான் சார். பதினான்கு வீட்டு அப்பா அம்மாக்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள். வீடியோவும் போட்டீர்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட்டுகிற பெண்ணுக்குத்தான் ஸ்டார்ட் செய்யத் தெரியவில்லை, அவருக்குப் பயிற்சி தேவை என்று ஆங்கிலத்தில் நாலு வரி. அதற்குக் கீழே எட்டுப் பேர் உங்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் படிக்க வரும். மெதுவாகப் படித்ததால் ஒவ்வொரு சொல்லும் நன்றாகவே குத்தியது.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் நீலசந்திராவில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பழைய டீசல் வேன். நான் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. அல்சூர் ஏரிப் பக்கத்து அபார்ட்மென்ட்களில் பதினான்கு பிள்ளைகளைக் காலையில் ஏற்றிப் பள்ளியில் விடுவேன், மத்தியானம் திரும்ப ஏற்றி வீட்டில் விடுவேன். பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவது என் நாத்தனார். அவள் வாய் சும்மா இருக்காது. ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு பிள்ளைகூட நழுவியதில்லை. எங்கள் இரண்டு பேர் வீட்டு அடுப்பும் இந்த வேனால்தான் எரிகிறது.

போன வருடக் கடைசியில் கோளாறு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் முதல் அடியிலேயே எடுக்கும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓடி நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் எடுக்காது. எஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் சுற்றும். கர்கர்கர் என்று பலமாகச் சுற்றும். எஞ்சின் மட்டும் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலப் பிடித்துக்கொள்ளும்.

மத்தியானம் பள்ளி வாசலில் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து வந்ததில் எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் நான் அணைக்கவே மாட்டேன். ஓடவிட்டபடியே உட்கார்ந்திருப்பேன். புகை வருகிறது, பிள்ளைகள் மூச்சுவிட முடியவில்லை என்று குழுவில் ஒருவர் எழுதினார். அவர் எழுதியது நியாயம். பள்ளியிலும் வாசலில் எஞ்சினை அணைத்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம். அணைத்தேன். அன்றிலிருந்து தினமும் தள்ளுதான்.

வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் நல்ல மனிதர்கள். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்பே அவர்கள் தயாராக நிற்பார்கள். "செகண்ட் கியர் ஹாக்கி மேடம், நாவ் தள்ளுதீவி" என்று ஒருவர் கன்னடத்தில் குரல் கொடுப்பார். நான் இரண்டாவது கியரைப் போட்டு கிளட்சை மிதித்துக்கொள்வேன், நாலு பேர் தள்ளுவார்கள், கொஞ்சம் உருண்டதும் கிளட்சை விடுவேன், பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு முகம் எரியும்.

நாத்தனார் மட்டும் கூச்சமே இல்லாமல் ஆட்டோக்காரர்களை விரட்டுவாள். "இன்னாப்பா, காலைல சாப்ட்டியா இல்லியா? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தொட்டுக்கினு நிக்கிற. தள்ளு!"

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் மேஸ்திரி இருக்கிறார். வண்டிக்கு என்ன வந்தாலும் அவரிடம்தான். முதலில் பேட்டரி என்றார். புதுசு போட்டோம். பிறகு செல்ஃபைக் கழற்றிக் காயில் கட்டினார். பிறகு டீசல் குழாயில் காற்று பிடிக்கிறது என்று குழாயையும் ஃபில்டரையும் மாற்றினார். அதற்குப் பிறகு ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றினார். ஒவ்வொரு முறை மாற்றிவிட்டும் என் முன்னாலேயே சாவியைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் முதல் அடியில் எடுத்தது. ஒவ்வொரு மத்தியானமும் பள்ளி வாசலில் எடுக்கவில்லை.

கடைசியில் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அக்கா, கோச்சுக்காத. வண்டில ஒண்ணும் இல்ல. உன் கால்தான் சரியில்ல. ஆக்சிலேட்டர மிதிச்சிப் புடிச்சிக்கினு அடிக்கணும். நீ பயந்து பயந்து அடிக்கிற."

"ஒம்பது வருசமா இதே கால்தானே இருந்துச்சு?" என்றேன்.

"வயசாகுதில்ல அக்கா. வண்டிக்கும் ஆகுது, உனக்கும் ஆகுது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் வெட்கம்கெட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல், வண்டியில் உட்கார்ந்து காலை வைத்துப் பார்த்தேன். இப்படி மிதித்தால் என்ன, அப்படி மிதித்தால் என்ன என்று. வண்டி தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொன்னால் நம் காலைக்கூட நாமே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறோம்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

வாசலில் தள்ளிப் பிடித்துப் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டோம். அல்சூர் ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில், முதல் பிள்ளையை இறக்குவதற்கும் முன்னால், திடீரென்று குறுக்கே வந்த ஸ்கூட்டருக்காகப் பிரேக் அடித்தேன். கிளட்சை மிதிக்கத் தவறிவிட்டேன். எஞ்சின் நின்றுவிட்டது. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நின்ற எஞ்சின் திரும்ப எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மேடான சாலை. தள்ள ஆள் இல்லை. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் கார், எல்லோருடைய கையும் ஹாரன்மேல். ஏப்ரல் வெயில். உள்ளே பதினான்கு பிள்ளைகள். நாற்பது நிமிடம். ஒரு சின்னப் பெண் வாந்தி எடுத்தாள். நாத்தனார் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, எல்லோரையும் நடைபாதை நிழலில் வரிசையாக உட்காரவைத்துப் பாட்டுப் பாட வைத்தாள். நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எஞ்சின் ஆறிய பிறகுதான் பிடித்தது.

அன்று சாயங்காலம் குழுவில் என்னென்ன எழுதினார்கள் என்பதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பதறத்தான் செய்யும். முடிவு மட்டும் இது: அடுத்த வாரம் சனிக்கிழமை எல்லோரும் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் கூடிப் பேசுவார்கள். அதற்குள் வண்டி சரியாகாவிட்டால் வேறு வேனுக்கு மாறிவிடுவார்கள். பதினான்கு பேரும். எனக்குப் பத்து நாள்கூட இல்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள் சார். நாலாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அப்பா. வாகனக் கம்பெனியில் எஞ்சினியர். எல்லோர் சார்பிலும் வண்டியை நீங்களே பார்த்துச் சொல்வதாகக் குழுவில் எழுதினீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. படித்தவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவுக்கு பைக்கில் வந்தீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நிறுத்திய வண்டி அது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க மேடம்" என்றீர்கள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? கடவுளே, எடுத்துவிட வேண்டும், தெருவே பார்க்கிறது, மானத்தை வாங்கிவிடாதே என்று. எடுக்காமல் போயிருந்தால்தான் எனக்கு நல்லது. அது அந்த நிமிடம் என் மண்டையில் ஏறவில்லை. திருப்பினேன். முதல் அடியில் எடுத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இவ்ளோதானே? இதுக்கா பசங்கள ஃபார்ட்டி மினிட்ஸ் ரோட்ல உட்கார வச்சீங்க?" என்றீர்கள்.

"சார், ஆறியிருந்தா எடுக்கும். ஓடிச் சூடான பிறகுதான் எடுக்காது."

"டீசல் எஞ்சின் சூடா இருந்தா இன்னும் ஈஸியா எடுக்கணும் மேடம். அதான் ஃபிசிக்ஸ்."

"வேணும்னா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் சார்."

கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "தேவையில்ல. எனக்குப் புரிஞ்சிருச்சு."

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனீர்கள். அரை மணி நேரத்தில் வீடியோ வந்துவிட்டது.

நான் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வந்தாள். படித்துக் காட்டினேன்.

"ஃபிசிக்ஸாம்" என்றாள். "உன் வூட்டுக்காரருக்கு, எங்கண்ணனுக்கு, காலைல ஒரு மூஞ்சி, சாயங்காலம் ஒரு மூஞ்சி. யாராவது காலைல மட்டும் வந்து பாத்துட்டு, தங்கமான மனுசன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா நீ ஒத்துக்குவியா அண்ணி?"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

"தெரியும், தெரியும். அதுக்குத்தான் சத்தமா சொல்றேன்."

அவள் கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அங்கேயே உறைத்தது. சார் மட்டும் இல்லை. மேஸ்திரியும் இந்த வண்டியைச் சூடாக ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் கடை குறுகலான சந்தில், மேட்டில் இருக்கிறது. அங்கே போய் நின்றுபோனால் நாலு பக்கமும் திட்டு விழும். அந்தப் பயத்தில், ஒவ்வொரு முறையும் வண்டியை வீட்டு வாசலில் நன்றாக ஆறவிட்டு, பிறகுதான் அவரிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். சில நாள் ராத்திரியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அவர் விடிந்ததும் பார்ப்பார் என்று. காய்ச்சல் இறங்கின பிறகு பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், காய்ச்சல் காய்ச்சல் என்று கத்தியிருக்கிறேன். மேஸ்திரிமேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதியை என்மேலேயே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. எஞ்சினை அணைக்காமல் நேராக அடுகோடிக்கு விட்டேன். அங்கே வண்டிகளின் டீசல் பம்பை மட்டும் பழுது பார்க்கிற ஒரு பாய் இருக்கிறார் என்று ஆட்டோக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கடை பெரிதில்லை. பம்பை மாட்டிச் சோதிக்கும் ஒரு பெஞ்ச், இரண்டு ஸ்டூல், சுவர் முழுக்க டீசல் கறை. நான் நிறுத்தியதும் அவர் இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே கேட்டார்.

"இன்னா பிராப்ளம்?"

"சூட்ல ஸ்டார்ட் ஆகல பாய்."

"இப்ப சூடா இருக்கா?"

"ரெண்டு மணி நேரமா ஓடிக்கினு இருக்கு."

அப்போதுதான் எழுந்தார். "அல்லா! மொத மொத ஒரு ஆளு சூடா கொண்டாந்திருக்கு. எல்லாரும் ஆறவச்சி கொண்டாருவாங்க, கோளாற கண்டுபுடின்னுவாங்க. நான் இன்னா ஜோசியக்காரனா?"

நாத்தனார் என் காதில், "இவரு நம்ம ஆளு" என்றாள்.

என்னென்ன மாற்றினேன் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். ஹீட்டர் பிளக் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சூட்ல எடுக்காத வண்டிக்கு ஹீட்டர் மாத்தினானா? வேர்த்து விறுவிறுத்து வந்தவனுக்கு ஸ்வெட்டர் போட்டுவுட்டானா?" தன் வேலையாளைப் பார்த்து, "சுனோ ரே, ஸ்வெட்டர்!" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து.

அணைக்கச் சொன்னார். அந்தச் சந்தில் அணைக்க எனக்குக் கை வரவில்லை. "ஆஃப் பண்ணுமா. நின்னாத்தானே தெரியும்" என்றார். அணைத்தேன். பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார். பின்னால் ஒரு சாமான் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பாய் அதைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். எனக்கு முழுதாகப் புரியவில்லை, ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிட்டது, பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கர்கர்கர். பிடிக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக வண்டி எடுக்காததற்காகச் சந்தோஷப்பட்டேன்.

பாய் காதைச் சாய்த்துக் கேட்டார். "செல்ஃப் நல்லா சுத்துது. பேட்டரி, செல்ஃப் ரெண்டும் ஓகே. பொகையும் வரல பாரு, டீசலே போகல." பானட்டைத் திறந்து, ஒரு கோணிச் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, டீசல் பம்பின்மேல் போர்த்தினார். அவருடைய வேலையாள் உதவிக்காக ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஊத்தாதடா! சூட்டு மேல ஊத்தினா பம்ப் ஜாம் ஆயிடும். துணிதான். மெள்ள ஆறணும்."

ஒரு டீ குடிக்கிற நேரம். டீ வரவும் செய்தது. சாக்கிலிருந்து ஆவி எழும்பியது. அதை இன்னொரு முறை நனைத்துப் போட்டார். எஞ்சின் இன்னும் கையை வைக்க முடியாத சூட்டில்தான் இருந்தது. பம்ப் மட்டும் ஆறியிருந்தது.

"இப்ப அடி."

திருப்பினேன். பிடித்துக்கொண்டது. முதல் அடியில்.

நாத்தனார் டீ கிளாஸோடு ரோட்டில் குதித்தாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கால் இல்லை. என் வயது இல்லை. என் பயம் இல்லை. பம்ப்.

பாய் அதோடு விடவில்லை. "ஒருவாட்டி எடுத்தா அது நம்ம நேரம். இன்னொருவாட்டி பாக்கணும்" என்றார். ஓசூர் ரோட்டில் மடிவாளா வரைக்கும் போய் வரச் சொன்னார். அந்த நெரிசலில் போய் வந்தால் எந்த வண்டியும் கொதிக்கும், ஓட்டுகிறவரும் கொதிப்பார். போய் வந்தேன். அணைத்தேன். எடுக்கவில்லை. ஈரச் சாக்கு. எடுத்தது. இந்த முறை நாத்தனார் முழுவதையும் போனில் வீடியோ எடுத்தாள், எடுக்காததையும் சேர்த்து.

பிறகு பாய் உட்கார்ந்து விளக்கினார். பம்புக்குள் டீசலை அழுத்தி அனுப்ப ஓர் உருளை சுற்றுகிறது. அது முடியளவு இடைவெளிகூட இல்லாமல் தன் கூட்டுக்குள் பொருந்தியிருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது தேய்ந்துவிட்டது. டீசல் ஆறியிருக்கும்போது கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அந்தத் தேய்மானத்தைத் தாண்டிக் கசியாது. சூடானால் டீசல் இளகிவிடும், உள்ளேயே கசிந்துவிடும், எஞ்சினுக்குப் போகும் அளவுக்கு அழுத்தம் வராது.

"அப்ப தள்ளினா மட்டும் எப்படி பாய் எடுக்குது?" என்று கேட்டேன்.

"செல்ஃப் மெதுவா சுத்துது. தள்ளினா பம்ப் ஜாஸ்தி வேகமா சுத்துது. கசியறதுக்குள்ள கொஞ்சம் போயிடுது. நாலு ஆட்டோக்காரன் உனக்கு நாலு மாசம் பம்பா வேல செஞ்சிருக்கான்."

உருளையும் கூடும் ஜோடியாகத்தான் வரும், வரவழைக்க இரண்டு மூன்று நாள் ஆகும், வியாழக்கிழமை கொண்டுவா என்றார். அதுவரை? ஈரச் சாக்குதான். செவ்வாயும் புதனும் பள்ளி வாசலில் நான் பானட்டைத் திறக்க, நாத்தனார் நனைத்த சாக்கைக் குழந்தைக்குப் போர்த்துவதுபோலப் பம்புக்குப் போர்த்தினாள். தள்ள வந்த ஆட்டோக்காரர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். "இனிமே நீங்கல்லாம் ரிட்டையர்டு" என்று அவர்களிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பிள்ளைகளை விட்டுவிட்டுப் பம்பைக் கழற்றக் கொடுத்தேன். அன்று மத்தியானமும் வெள்ளிக்கிழமையும் வேறொரு வேனை ஏற்பாடு செய்து பிள்ளைகளை ஏற்றினேன், ஒரு வேளைகூடத் தவறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பம்பை மாட்டிக் கொடுத்தார்கள். பாய் தேய்ந்த உருளையை ஒரு தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லை. கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வெளிச்சத்தில் திருப்பினால் மட்டும் ஒரு பக்கம் மங்கலான கோடு. அந்தக் கோடுதான் என்னைச் சாலையில் நிறுத்தியது.

அடுகோடியிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. மடிவாளா போனேன். திரும்பினேன். ஓரமாக நிறுத்தி அணைத்தேன், கால் மணி நேரம் காத்திருந்தேன், திருப்பினேன். எடுத்தது. திரும்ப அணைத்தேன். எடுத்தது. ஆறோ ஏழோ முறை. "போதும் அண்ணி, அதுக்கும் வலிக்கும்" என்றாள் நாத்தனார். பெட்ரோல் பங்கில் டீசல் போடும்போது எஞ்சினை அணைத்தேன். நாலு மாதமாக அங்கே ஓடவிட்டுக்கொண்டே டீசல் போடச் சொல்லி, பையன்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அணைத்ததும் வந்த அந்தச் சத்தமின்மை! பக்கத்து வண்டிக்காரர் போனில் பேசுவதுகூடக் கேட்டது. அவருக்கும் அவர் மாமனாருக்கும் ஏதோ சண்டை. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வண்டியை ஒரு மணி நேரம் ஊர் சுற்றிக் கொதிக்க வைத்துத்தான் கொண்டுபோனேன். கீழ்த்தளத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி அணைத்தேன். வக்கீல்போல வாதாடினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவ்வளவு சாமர்த்தியமாக எல்லாம் நான் பேசவில்லை. பானட்டைக் காட்டி, "தொட்டுப் பாருங்க, சுடுது" என்று மட்டும் சொன்னேன். ஓர் அப்பா தொட்டுவிட்டுக் கையை உதறினார். இருபது நிமிடம் பேசினோம். நாத்தனார் எடுத்த வீடியோவைக் காட்டினேன். உருளையைக் கையில் கொடுத்தேன், ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். பிறகு சாவியை, அந்தப் புதன்கிழமை சாலையில் வாந்தி எடுத்த பெண்ணின் அம்மாவிடம் நீட்டினேன். அன்று குழுவில் என்னை ரொம்பத் திட்டியது அவர்தான்.

"எனக்கு ஸ்கூட்டி மட்டும்தாங்க ஓட்டத் தெரியும்" என்றார்.

"நியூட்ரல்லதான் இருக்கு. ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கேன். சாவிய மட்டும் திருப்புங்க. காலை எங்கயும் வைக்க வேணாம்."

திருப்பினார். எடுத்தது. அவரே பயந்து சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்" என்றார். அத்தனை பேர் முன்னால் சொன்னார். அங்கேயே முடிவாகிவிட்டது. பதினான்கு பிள்ளைகளும் என் வேனில்தான். வீட்டுக்கு வந்து நானும் நாத்தனாரும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். நான் மத்தியானம் மூன்று மணிக்குப் படுத்து, ஆறு மணிவரை தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை மாதம் ஆகிறது என்று எனக்கே நினைவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை சார். வேலை இருந்திருக்கும். நான் சாயங்காலம் குழுவில் தமிழில் எல்லாவற்றையும் எழுதினேன், உருளையின் படத்தையும் வீடியோவையும் போட்டேன். பலர் பதில் எழுதினார்கள். நீங்கள் ஒரு கட்டைவிரல் வைத்தீர்கள். திங்கட்கிழமை உங்கள் பெண்ணை ஏற்றிவிட வந்தபோது, "எல்லாம் செட் ஆயிடுச்சு போல. குட்" என்று சிரித்தீர்கள். ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்திருந்ததுபோல.

நான் அதோடு விட்டிருப்பேன். வண்டி ஓடுகிறது, மனம் லேசாக இருக்கிறது, பழையதைக் கிளற எனக்கென்ன வேண்டுதலா? ஆனால் போன வாரம் பக்கத்து அபார்ட்மென்ட்டிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார், ஜூனில் தன் பையனுக்கு வேனில் இடம் இருக்கிறதா என்று. பேசிக்கொண்டே வந்தவர் தயங்கிக் கேட்டார்: "அந்த வீடியோல வர்றது நீங்கதானா? ஸ்டார்ட் பண்ணத் தெரியாதுன்னு போட்டிருந்தாங்களே?" உங்கள் நாலு வரி அவர்கள் குழுவரைக்கும் போயிருக்கிறது. என் உருளையின் படம் போகவில்லை. நான் தமிழில் எழுதியதும் போகவில்லை.

அதனால் கேட்கிறேன். தெருவில் என்னைத் தனியாகப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், தனியாக சாரியும் சொல்ல வேண்டாம். எந்தக் குழுவில் எழுதினீர்களோ அதே குழுவில், அதே ஆங்கிலத்தில், எல்லோரும் படிக்க எழுதுங்கள்: அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி சூடாக இருந்தபோது நீங்கள் ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா, இல்லையா? ஒரு ரவுண்டு போகலாம் என்று நான் கூப்பிட்டேனா, இல்லையா? பதில் சொல்லுங்கள் சார்.